கலியாணப் படங்களை என்ஜின்எக்ஸின் கையில் கொடுத்து ஒன்றரை வருடம்

2024 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு எட்டரை மணி இருக்கும். ஸ்ரூடியோ அண்ணை போன் எடுத்தார். "தம்பி, ரொறன்ரோவில இருந்து பொம்பிளையின்ர மாமி எடுத்தவா. படம் ஒண்டும் திறக்குதில்லையாம். மனுசி அழுகிற மாதிரிக் கதைக்கிறா." அந்த மாமிக்கு அங்கே வழக்கு முடியாததால் கலியாணத்துக்கு வர முடியவில்லை. பொன்னுருக்கலிலிருந்து தாலிகட்டு வரை எல்லாவற்றையும் நான் எழுதிய பக்கத்தில்தான் அவர் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் செத்துக் கிடந்தது.

அன்றைய கலியாணத்துக்கு ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு படங்கள் ஏற்றியிருந்தோம். அல்பத்தின் இணைப்பை வட்ஸ்அப் குழுவில் போட்டதும் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று எல்லா இடத்திலிருந்தும் சொந்தக்காரர் ஒரே நேரத்தில் திறந்திருக்கிறார்கள். அங்கெல்லாம் அப்போது பகல். எல்லோரும் விழித்திருக்கும் நேரம்.

நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீட்டிலிருந்து வேலை செய்பவன். கஸ்தூரியார் வீதிப் பக்கம் இருக்கும் இந்த ஸ்ரூடியோவுக்கு, ஜாவாவில் இணையத் தளம் எழுத உதவும் ஸ்பிரிங் பூட்டில் அல்பத் தளம் எழுதிக் கொடுத்திருந்தேன். சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த சேர்வர், நான்கு ஜிகாபைட் நினைவகம். ஒவ்வொரு படத்தையும் ஜாவாதான் கோப்பிலிருந்து வாசித்து, வேண்டிய அளவுக்குச் சுருக்கி, கேட்டவருக்கு அனுப்பியது. சின்னச் சோதனைகளில் அது வடிவாகவே ஓடியது. அந்த இரவுக்குப் பிறகுதான் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற இணையச் சேர்வர் மென்பொருளை ஜாவாவுக்கு முன்னால் வைத்தேன். ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு கலியாணக் காலங்களும் ஒரு முழு நல்லூர்த் திருவிழாவும் அதன் வழியாகப் போய்விட்டன. அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். ஜாவாவில் படங்களோடு வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு இரவுத் தூக்கமாவது மிஞ்சும்.

முதலில் ஏன் விழுந்தது என்று சொல்ல வேண்டும். நடந்ததைச் சேர்வர் குறித்து வைக்கும் லொக்கைப் பார்த்தபோது இரண்டு காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

ஒன்று நினைவகம். அண்ணையின் கமெராப் படம் ஒன்று 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். வட்டில் பத்துப் பன்னிரண்டு மெகாபைட் ஜேபெக்காகத்தான் கிடக்கும். படம் வாசிக்கும் ஜாவாவின் இமேஜ்ஐஓ நூலகம் அதைத் திறந்தவுடன் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று பைட் என்று விரிந்து 72 மெகாபைட் ஆகிவிடும். பத்துப் பேர் பத்துப் படத்தைக் கேட்டால் 720 மெகாபைட். அதற்குமேல் சுருக்கிய படத்துக்கு வேறு இடம் வேண்டும். நான்கு ஜிகாபைட் சேர்வர் இதற்கு எத்தனை நிமிடம் தாங்கும்?

மற்றது த்ரெட்டுகள். ஸ்பிரிங் பூட்டோடு வரும் டொம்கட் என்ற சேர்வரில், கேள்விகளைக் கவனிக்கும் வேலையாட்கள் போன்ற த்ரெட்டுகள் இயல்பாக 200 வரை உண்டு. பேருந்தில் இருந்துகொண்டு மெதுவான இணைப்பில் ஒருவர் படம் பார்த்தால், அந்தப் படம் சொட்டுச் சொட்டாகப் போய் முடியும்வரை ஒரு த்ரெட் அவருக்காகவே காத்து நிற்கும். அல்பத்தின் ஒரு பக்கத்தில் நாற்பது சிறுபடங்கள். பிரவுசர் ஒரு சேர்வருக்கு ஒரே நேரத்தில் ஆறு இணைப்புவரை திறக்கும். நாற்பது பேர் கூடினாலே 240. புதிதாக வந்தவருக்கு வாசல் பூட்டு.

உடனடியாக என் மனதில் வந்த பரிகாரம் கஃபீன். சுருக்கிய படங்களை ஜாவாவின் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ள அந்த நூலகத்தை இணைத்தேன். கஃபீன் மிக நல்ல நூலகம், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் படங்களை அதற்குள் போட்டது என் பிழை. எத்தனை படம் என்று எல்லை வைத்தேன், எத்தனை பைட் என்று வைக்கவில்லை. படங்களுக்கு எடை பார்த்துத்தான் எல்லை வைக்க வேண்டும், அதற்கு கஃபீனில் வழியும் உண்டு. அதைத் திருத்திய பிறகும் வேறொரு பிரச்சினை வந்தது. பயன்படாத பொருள்களை அகற்றும் ஜாவாவின் ஜி1 குப்பை சேகரிப்பான், ஜாவா தன் பொருள்களை வைக்கும் ஹீப் என்ற நினைவகப் பகுதியைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு துண்டின் பாதியளவுக்கோ அதற்கு மேலோ உள்ள பொருளை அது பூதப் பொருளாகக் கணித்து, தொடர்ச்சியான தனித் துண்டுகளில் வைக்கும். சின்ன ஹீப்பில் துண்டு ஒரு மெகாபைட்தான். 1600 பிக்சல் அகலப் படங்கள் பல இந்த வகைக்குள் விழுந்தன. ஹீப்பில் இடம் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் ஓட்டம் இடையிடையே நின்று நின்று போகும்.

சரி, என்ஜின்எக்ஸுக்கு வருவோம். ஈகோர் சிசோயெவ் என்ற ரஷ்ய மென்பொருளாளர் எழுதி 2004இல் வெளியிட்டது. ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்ற அக்காலக் கேள்விக்குப் பதிலாகவே அதன் கட்டமைப்பு அமைந்தது. இணைப்புக்கு ஒரு த்ரெட் என்று ஒதுக்காமல், சில வேலைச் செயல்முறைகளே ஆயிரக்கணக்கான இணைப்புகளை மாறி மாறிக் கவனிக்கின்றன. அதனால் மெதுவாக இறக்குபவர் எவருக்கும் பாரமில்லை. டொம்கட்டிடமிருந்து பதிலைக் கெதியாக வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, பேருந்தில் இருப்பவருக்கு ஆறுதலாகக் கொடுக்கும். டொம்கட்டின் த்ரெட் அடுத்தவருக்குப் போய்விடும். இந்த ஒரு மாற்றத்துக்காக மட்டும் என்றாலும் நான் அதை வைத்திருப்பேன்.

பிரவுசரும் சேர்வரும் பேசும் முறையின் இரண்டாம் பதிப்பான எச்டிடிபி 2ஐயும் சேர்த்துத் திறந்துவிட்டேன். நாற்பது சிறுபடங்களும் இப்போது ஒரே இணைப்பில் போகின்றன. ரொறன்ரோவிலிருந்து சிங்கப்பூர்வரை ஒவ்வொரு இணைப்புக்கும் கைகுலுக்கப் போய்வரும் நேரம் அவ்வளவும் மிச்சம்.

ஆனால் இந்த மதிப்புரையை எழுத வைத்தது வேறொரு வசதி. எக்ஸ்-அக்செல்-ரீடைரக்ட் என்று அதற்குப் பெயர். நம்மவர் பலருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் என்னுடைய முதல் வருடம் இப்படிப் போயிருக்காது.

கலியாண அல்பம் எல்லோருக்குமான பொருள் இல்லை. குடும்பம் கடவுச்சொல் கொடுத்தவர்தான் பார்க்கலாம். ஆகவே கோப்புறையை இணையத்துக்குத் திறந்து விட முடியாது, ஒவ்வொரு கேள்வியையும் ஜாவா பார்த்தே ஆக வேண்டும். ஜாவா பார்க்க வேண்டும் என்பதாலேயே ஜாவாவே படத்தையும் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் வேறு வேறு வேலை. எக்ஸ்-அக்செல்-ரீடைரக்ட் அந்த இரண்டையும் பிரித்துக் கொடுக்கிறது. கேள்வி ஜாவாவுக்கு வரும். ஜாவா, வந்தவர் யார், இந்த அல்பத்தைப் பார்க்க அனுமதி உண்டா என்று பார்க்கும். உண்டென்றால் படத்தை அனுப்பாது. வெறும் பதிலில் அந்தப் பெயருள்ள ஹெடரை, அதாவது பதிலின் தலையில் போகும் குறிப்பை, மட்டும் வைத்து, "படம் இந்த உள்வழியில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். என்ஜின்எக்ஸ் அந்த ஹெடரை வெளியே விடாமல் தானே வாசித்து, வட்டிலிருந்து கோப்பை எடுத்து அனுப்பும். அந்த உள்வழியை உட்பயன்பாட்டுக்கு மட்டும் என்று குறித்துவிட்டால், வெளியாள் முகவரியைக் கண்டுபிடித்து நேரே கேட்டாலும் "அப்படி ஒன்று இல்லை" என்ற 404தான் கிடைக்கும்.

கோப்பின் பதிப்பைக் காட்டும் ஈடேக், கடைசியாக மாற்றிய நேரம், "மாறவில்லை" என்ற 304 பதில், வீடியோவின் நடுவிலிருந்து துண்டு எடுத்துக் கொடுப்பது எல்லாம் என்ஜின்எக்ஸின் பொறுப்பு. இவற்றுக்காக நான் ஜாவாவில் எழுதியிருந்த இருநூறு வரிக்கு மேற்பட்ட குறிமுறையை ஒரே இரவில் அழித்தேன். இப்போது அந்தக் கன்ட்ரோலர், அதாவது கேள்வியைக் கவனிக்கும் ஜாவாப் பகுதி, பன்னிரண்டு வரி. ஹீப்பை 512 மெகாபைட்டுக்குக் குறைத்தும் தளம் அசையாமல் நிற்கிறது.

கஃபீனை அகற்றிவிடவில்லை, அதற்குச் சரியான இடம் கிடைத்தது. ஒரு பக்கத்துக்கு நாற்பது படம் என்றால் நாற்பது தடவை தரவுத்தளத்தில் அனுமதி பார்க்க வேண்டி வரும். இவர், இந்த அல்பம், அனுமதி உண்டு என்ற சின்ன விடையை மட்டும் இரண்டு நிமிடத்துக்கு கஃபீனில் வைக்கிறேன். குடும்பம் யாருடைய அனுமதியையாவது எடுத்தால் அந்த விடையை உடனே அழித்துவிடும்படி எழுதியிருக்கிறேன். சில பைட்டுகள்தான். இப்படிப்பட்ட வேலையில் கஃபீன் மின்னுகிறது.

இனி நான் பட்ட கஷ்டங்கள். கோப்புறைகளுக்கு அண்ணை தமிழில்தான் பெயர் வைப்பார், அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தமிழ் எழுத்தை அப்படியே ஹெடருக்குள் போட முடியாது. ஹெடர் லத்தீன் எழுத்துகளுக்கானது. சதவீதக் குறிகளாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். என்ஜின்எக்ஸும் 1.5.9 பதிப்பிலிருந்து இந்த ஹெடரில் அப்படி மாற்றிய வழியைத்தான் எதிர்பார்க்கிறது. ஸ்பிரிங்கில் இருக்கும் யூஆர்ஐ யூட்டில்ஸால் ஒரே வரியில் முடிந்துவிடும் வேலை. அது தெரியாமல் ஒரு முழுப் பின்னேரம் 404ஐப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்தது பதிவேற்றம். என்ஜின்எக்ஸ் இயல்பாக ஒரு மெகாபைட்டுக்கு மேற்பட்ட பதிவேற்றத்தை "மிகப் பெரிது" என்ற 413 பிழையோடு திருப்பி அனுப்பிவிடும். அண்ணையின் முதல் படமே பன்னிரண்டு மெகாபைட். எல்லையைக் கூட்ட ஒரு வரி போதும், ஆனால் முன்கூட்டியே போட்டு வையுங்கள். உங்கள் வாடிக்கையாளர் கடையில் ஆட்கள் நிற்கும் நேரத்தில் அந்த 413ஐப் பார்க்கக் கூடாது.

மற்றது சாய்கோடு. கோப்புறையை ஒரு வழியோடு பொருத்தும்போது வழியின் முடிவில் சாய்கோடு இல்லாமல், கோப்புறையின் முடிவில் மட்டும் இருந்தால், புள்ளிகள் வைத்து மேல் கோப்புறைக்கு ஏறிப் பார்க்க இடம் கிடைத்துவிடும். தனிப்பட்ட படங்கள் இருக்கும் சேர்வரில் இது விளையாட்டான விசயம் இல்லை. இரண்டிலும் சாய்கோடு இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் ப்ரொக்சி கேஷில்தான் வந்தது. எக்ஸ்-அக்செல்-ரீடைரக்டைக் கண்டுபிடிக்க முதல், ஜாவாவின் பதில்களைச் சேமித்து வைத்து அடுத்தவருக்குத் தானே கொடுக்கும் என்ஜின்எக்ஸின் ப்ரொக்சி கேஷை அல்பங்களுக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். எதுவும் கேஷுக்குள் போகவில்லை. உள்நுழைவைக் காக்கும் ஸ்பிரிங் செக்யூரிட்டி இயல்பாகவே எல்லாப் பதில்களிலும் "சேமிக்காதே" என்ற கேஷ்-கன்ட்ரோல், எக்ஸ்பயர்ஸ் ஹெடர்களை வைக்கிறது. வந்தவரை அடையாளம் காணும் செஷன் குக்கீ வைக்கும் பதிலையும் என்ஜின்எக்ஸ் சேமிக்காது. இரண்டும் மிகச் சரியான நடத்தை. நான் அந்த ஹெடர்களையும் குக்கீ ஹெடரையும் கவனிக்காதே என்று என்ஜின்எக்ஸுக்குக் கட்டளை போட்டேன். உடனே வேகம் பறந்தது. சந்தோசத்தில் இரவு ஒரு மணிக்கு, உள்நுழையாத தனிச் சாளரத்தில் ஒரு படத்தின் முகவரியை ஒட்டிப் பார்த்தேன்.

மணப்பெண் கூறைச் சேலையோடு நிற்கும் படம் முழுதாகத் திறந்தது.

கேஷில் இருக்கும் படத்துக்கு என்ஜின்எக்ஸ் ஜாவாவைக் கேட்கவே கேட்காது, அதுதானே கேஷின் வேலை. அனுமதி பார்க்கும் ஆளைத் தாண்டி நானே ஒரு பின்வாசலைத் திறந்திருக்கிறேன். கை நடுங்கிப் போனது. கேஷ் கோப்புறையை அழித்தேன், கட்டளையை எடுத்தேன், அணுகல் லொக்கை வரி வரியாகப் பார்த்து, அந்த வேளையில் கேஷிலிருந்து படம் எடுத்தது என் வீட்டு முகவரி மட்டும்தான் என்று உறுதியான பிறகே படுத்தேன். விடிந்ததும் அண்ணையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சனம் எங்களை நம்பித்தான் தாறது, தம்பி" என்றார். அந்தச் சொல் இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆகவே இதை வாசிப்பவரிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: உள்நுழைவு தேவைப்படும் படங்களை ப்ரொக்சி கேஷில் போடாதீர்கள். ஒரு கட்டமைப்பு அந்த ஹெடர்களைக் கவனிக்காதே என்று சொன்னால், ஏன் என்று ஒரு தடவை நின்று யோசியுங்கள்.

தனிப்பட்ட படங்களுக்கு நான் இப்போது செய்வது, பார்ப்பவரின் சொந்தப் பிரவுசர் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று "பிரைவேட்" குறிப்போடு, 31536000 செக்கன், அதாவது ஒரு வருடம், மக்ஸ்-ஏஜ் (வைத்திருக்கக்கூடிய காலம்) கொடுப்பது. இந்த ஹெடரை ஜாவாவிலேயே நானாக வைத்துவிட்டால் ஸ்பிரிங் செக்யூரிட்டி தன்னுடையதை வைக்காது, எக்ஸ்-அக்செல்-ரீடைரக்டும் அதை அப்படியே வெளியே கொண்டுபோகும். மாமி இரண்டாம் தடவை அல்பத்தைத் திறக்கும்போது படங்கள் அவருடைய போனிலிருந்தே வருகின்றன. ஒரு படத்தை அண்ணை திருத்தி ஏற்றினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கோப்பின் பெயரிலேயே, உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் கைரேகை போன்ற ஹாஷைச் சேர்த்து வைக்கிறேன். படம் மாறினால் பெயர் மாறும், பெயர் மாறினால் பழைய கேஷ் யாருக்கும் குறுக்கே நிற்காது.

ப்ரொக்சி கேஷுக்கும் உரிய இடம் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் அண்ணை படம் எடுத்துப் பொதுப் பக்கத்தில் போடுவார். அதை யாரும் பார்க்கலாம். அங்கே சிறுபடங்களை ஜாவா கேட்டவுடன் செய்யும், என்ஜின்எக்ஸ் சேமித்து வைக்கும். இதில் இரண்டு அமைப்பைத் தவறாமல் மாற்றுங்கள். கேஷ் பூட்டு என்ற அமைப்பு இயல்பாக இயங்காது, அதை இயங்க வைத்தால் ஒரே படத்தை ஐந்நூறு பேர் ஒன்றாகக் கேட்டாலும் ஒரு கேள்விதான் ஜாவாவுக்குப் போகும், மற்றவர்கள் அதன் விடைக்குக் காத்திருப்பார்கள். மற்றது, பத்து நிமிடம் ஒருவரும் தொடாத பொருளை என்ஜின்எக்ஸ் இயல்பாகவே கேஷிலிருந்து தூக்கிவிடும், அதன் ஆயுள் எவ்வளவு மிச்சம் இருந்தாலும். நான் முப்பது நாள் என்று வைத்திருக்கிறேன். இதோடு படத்தின் அகலத்தை 320, 800, 1600 என்ற மூன்றுக்கு மட்டும் ஜாவாவில் கட்டுப்படுத்துங்கள். விரும்பிய அகலத்தை விரும்பியவர் கேட்கலாம் என்று விட்டால் வட்டும் நிரம்பும், இமேஜ்ஐஓவின் 72 மெகாபைட்டும் திரும்பி வரும்.

கலியாணப் படங்களுக்கு இந்த மூன்று அளவையும் ஏற்றும்போதே செய்துவிடுகிறேன், ஒரு நேரத்தில் ஒரு படம் மட்டும். தம்ப்நெயிலேட்டர் என்ற ஜாவா நூலகம் அதற்குப் போதும். கமெராவைச் சாய்த்து எடுத்த படத்தை அது தானாக நிமிர்த்தி விடும். வெறும் இமேஜ்ஐஓ அந்தத் திசைக் குறிப்பைப் பார்க்காது, மாப்பிள்ளை படுத்துக் கிடப்பார்.

என்ஜின்எக்ஸிலேயே படம் சுருக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. நான் பரிந்துரைக்க மாட்டேன். இயல்பான கட்டமைப்பில் அது சேர்ந்து வராது. சேர்த்தாலும் ஒரு மெகாபைட்டுக்கு மேற்பட்ட படத்தை, எல்லையைக் கூட்டும்வரை, 415 என்று மறுத்துவிடும். கேஷிலிருந்து ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் நீக்கும் கட்டளையும் பணம் கொடுத்து வாங்கும் பதிப்புக்குரியது. ஹாஷ் பெயர் வைத்திருப்பதால் எனக்கு அது தேவைப்படவில்லை. ஹெடர் சேர்க்கும் கட்டளையில் இன்னொரு சிக்கல்: உள் பகுதியில் ஒன்று சேர்த்தால் வெளிப் பகுதியில் சேர்த்தவை எல்லாம் அங்கே இல்லாமல் போய்விடும். பாதுகாப்பு ஹெடர்கள் இப்படித்தான் என்னிடம் ஒரு மாதம் காணாமல் இருந்தன.

ஒரு காரியாலயத்தின் இலச்சினையும் பத்துப் படமும் மட்டும் இருக்கும் தளத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. டொம்கட்டே அவற்றை ஒழுங்காகக் கொடுக்கும். ஆனால் அனுமதி பார்த்துப் பெரிய படங்கள் கொடுக்க வேண்டிய ஜாவாத் தளம் என்றால், என்ஜின்எக்ஸ் இல்லாமல் இனி நான் ஒன்றையும் வெளியே விடமாட்டேன். திறந்த மூலம், பணமில்லை. எனக்குப் போனது இரண்டு இரவும் ஒரு வார இறுதியும்.

போன வருடத் தேர் அன்று காலை ஏழு மணிக்கு, பொதுப் பக்கத்தின் கேஷ் அளவு போதாது என்று தெரிந்தது. வீதியில் அரோகரா கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணை தேர் முட்டியில் நின்று படம் அனுப்பிக்கொண்டிருந்தார், ஆயிரக்கணக்கானோர் பக்கத்தில் இருந்தார்கள். கட்டமைப்பை மாற்றி, முதலில் சோதனைக் கட்டளையை ஓட்டிப் பார்த்து, பிறகு ரீலோட் கொடுத்தேன். பழைய செயல்முறைகள் கையில் இருந்த படங்களைக் கொடுத்து முடித்துவிட்டு விலகின, புதியவை வேலையை ஏற்றுக்கொண்டன. லொக்கில் ஒரு பிழைகூட விழவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு நானும் வடம் பிடிக்கப் போனேன்.